புதன் பத்தாவது இடத்தில்

பூமிக்கும் நிலாவுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் மற்ற ஏழு கோள்களையும் வரிசையாக அடுக்கிவிடலாம் என்று ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது ஏழெட்டு முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ‘அட’ என்று சொல்லிவிட்டுத் தள்ளிவிட்டுப் போனவன், கடைசியாக வந்தபோது மட்டும் ஏதோ ஒரு வீம்பில் பேனாவை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். சாதாரணக் கூட்டல் கணக்கு, பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது. இரண்டு வாரம் என்னை இழுத்துக்கொண்டு போனது.

முதலில் சராசரி விட்டங்களைக் கூட்டினேன். புதன் 4,879 கி.மீ., வெள்ளி 12,104, செவ்வாய் 6,779, வியாழன் 1,39,822, சனி 1,16,464, யுரேனஸ் 50,724, நெப்டியூன் 49,244. மொத்தம் 3,80,016 கி.மீ. பூமியிலிருந்து நிலா இருக்கும் சராசரித் தூரம் 3,84,400. சரி, நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம் வருகிறது, படம் சொன்னது உண்மைதான் என்று பேனாவை மூடப் போனேன். அப்புறம்தான் உறைத்தது: அந்தத் தூரம் பூமியின் மையத்திலிருந்து நிலாவின் மையம் வரைக்குமானது. கோள்களை அடுக்குவதாக இருந்தால் பூமியின் மேற்பரப்பிலிருந்து நிலாவின் மேற்பரப்பு வரைதானே இடம் உண்டு? இரண்டின் ஆரத்தையும் சேர்த்து 8,100 கி.மீ. கழித்தால் மிஞ்சுவது 3,76,300 தான். இடம் போதவில்லை! புதனை மட்டும் வெளியே நிறுத்திவிட்டால் மற்ற ஆறும் நுழைந்துவிடும்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அட்டவணையில் பக்கத்திலேயே இன்னொரு பத்தி இருந்தது, நடுக்கோட்டு விட்டம் என்று. அதைக் கூட்டினால் 3,87,900 கி.மீ. வருகிறது. இன்னொரு பத்தியில் துருவத்துக்குத் துருவம் விட்டம். அதைக் கூட்டினால் 3,64,800 தான். அதாவது கோள்களை நிமிர்த்தி, ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கினால் ஏழும் நுழைந்துவிடும், பக்கவாட்டில் வைத்தால் நுழையாது. நிலாவும் ஒரே தூரத்தில் நிற்பதில்லை, கிட்டத்தில் வரும்போது சுமார் 3,63,000, எட்டப் போகும்போது 4,05,000. எட்டப் போன நாளில் எப்படி வைத்தாலும் நுழையும், கிட்டத்தில் வந்த நாளில் எப்படி வைத்தாலும் நுழையாது. ஒரு சாதாரணக் கேள்விக்கு இத்தனை பதிலா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் முக்கியமாக இரண்டு பேர், வியாழனும் சனியும். இரண்டும் பத்து மணி நேரத்தை ஒட்டிய வேகத்தில் தம்மைத் தாமே சுற்றிவிடுகின்றன. திடமான மேற்பரப்பும் கிடையாது. எனவே நடுவில் பிதுங்கி, மேலும் கீழும் அமுங்கி இருக்கின்றன. பூமியும் அப்படித்தான், ஆனால் நம்முடைய பிதுக்கம் வெறும் 43 கி.மீ. வியாழனுக்கு நடுக்கோட்டில் 1,42,984, துருவத்தில் 1,33,708. வித்தியாசம் 9,276 கி.மீ., செவ்வாய்க் கோளையே அதில் போட்டுவிடலாம். சனிக்கு வித்தியாசம் 11,800 கி.மீ., வெள்ளிக் கோளின் விட்டத்துக்கு முந்நூறு கி.மீ.தான் குறைவு. சனியின் அமுக்கத்தைத் தனியாகப் பிடுங்கி உருட்டினால் வெள்ளி அளவுக்கு வரும் என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது, ஆனால் அது தப்பு. விட்டத்தின் வித்தியாசத்தையும் ஒரு முழு உருண்டையையும் ஒப்பிடக் கூடாது. இந்த மாதிரித் தப்பை நானே நாலைந்து முறை செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, திடமான மேற்பரப்பே இல்லாத கோளுக்கு விளிம்பு எது? வியாழனின் காற்று மேலே போகப்போக மெலிந்துகொண்டே போகிறது, இங்கே முடிந்தது என்று கோடு கிழிக்க முடியாது. அதனால் அதன் காற்றழுத்தம் ஏறக்குறைய நம் கடல்மட்டத்து அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும் மட்டத்தை விளிம்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் வசதிக்காகப் போட்டுக்கொண்ட கோடு அது. வியாழனின் விட்டத்தை ஆறு இலக்கத்தில் துல்லியமாகப் படிக்கும்போது எனக்கு இப்போதெல்லாம் இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இதற்குப் பிறகுதான் வெட்டுகிற வேலையில் இறங்கினேன். எண்களை எத்தனை முறை பார்த்தாலும் அளவு மனதில் உட்காரவில்லை. தடித்த காகிதம், காம்பஸ், கத்தரிக்கோல். அளவுகோல் ஆயிரம் கி.மீ.க்கு ஒரு மில்லிமீட்டர். இதைவிட வசதியான அளவுகோல் கிடையாது, கி.மீ. எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்தால் மி.மீ. வந்துவிடும். சூரியன் 1.39 மீட்டர் அகலம், அதற்குக் காகிதம் இல்லை, விட்டுவிட்டேன். (இதே அளவுகோலில் பூமி சூரியனிலிருந்து 150 மீட்டர் தள்ளியும் நெப்டியூன் நாலரை கி.மீ. தள்ளியும் இருக்க வேண்டும். அந்தப் பக்கமே நான் போகவில்லை.)

வியாழன் பதினாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சனி பன்னிரண்டு. யுரேனஸும் நெப்டியூனும் ஆளுக்கு ஐந்து. அடுத்தது பூமி, 12.7 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் சென்டிமீட்டர். ஐந்திலிருந்து ஒன்றேகாலுக்கு ஒரே தாவல்! நடுவில் எதுவுமே இல்லை. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடிய கெப்ளர் தொலைநோக்கி கண்டுபிடித்தவற்றில் பூமியைவிடப் பெரிதாகவும் நெப்டியூனைவிடச் சிறிதாகவும் இருக்கிற கோள்கள்தான் ஏராளம். அந்த அளவில் நம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. வட்டங்களை மேசைமேல் பரப்பிப் பார்த்தபோதுதான் அந்த இடைவெளி முகத்தில் அடித்த மாதிரி தெரிந்தது.

வெள்ளி 12.1 மி.மீ., செவ்வாய் 6.8. அதற்கு அடுத்துப் புதன்தானே என்று கை தானாகப் போனது. இல்லை. வியாழனின் நிலாவான கானிமீட் 5.3. அதற்கு அடுத்துச் சனியின் நிலா டைட்டன், 5.15. அப்புறம்தான் புதன், 4.9. அதன் காலை மிதிக்கிற தூரத்தில் இன்னொரு நிலா, காலிஸ்டோ, 4.8. பிறகு ஐயோ 3.6 (வியாழனின் இந்த நிலாவுக்குப் பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் உடம்பெல்லாம் எரிமலையாக இருக்கிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை), நம் நிலா 3.5, யூரோப்பா 3.1, நெப்டியூனின் டிரைட்டன் 2.7, புளூட்டோ 2.4, அதையும் தாண்டி எட்டத்தில் சூரியனைச் சுற்றும் ஏரிஸ் 2.3. அங்கே நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே எல்லாம் 1.6-க்குள் இறங்கிவிடுகின்றன, கத்தரிக்கோலுக்கும் என் பொறுமைக்கும் எல்லை உண்டு.

பதினேழு வட்டங்கள். எட்டுக் கோள்கள், ஏழு நிலாக்கள், இரண்டு குறுங்கோள்கள். பருமன் வரிசையில் புதனுக்குப் பத்தாவது இடம். கோள், நிலா, குறுங்கோள் என்ற மூன்று சொற்களை நாம் பெரியது, நடுத்தரம், சிறியது என்பதுபோல மனதில் வைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நிலா என்ற சொல் அது எதைச் சுற்றுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 5,268 கி.மீ. கானிமீடும் நிலா, செவ்வாயைச் சுற்றும் 22 கி.மீ. போபோஸும் நிலா. என் அளவுகோலில் போபோஸ் 0.02 மி.மீ., தூசி. மலையையும் மணலையும் ஒரே பெயரில் கூப்பிடுகிற மாதிரி. 2006-ல் பிராகா நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை போட்டபோதுகூட இத்தனை கி.மீ.க்கு மேல் என்று எண் எதுவும் வைக்கவில்லை. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டு திரண்டிருக்க வேண்டும், தன் பாதையை ஒட்டிய இடத்தைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். புளூட்டோவை வெளியே அனுப்பியது மூன்றாவது நிபந்தனை. அது சிறியது என்பதால்தான் நீக்கிவிட்டார்கள் என்று இன்றைக்கும் நிறையப் பேர் சொல்கிறார்கள், வரையறையில் அப்படி ஒரு வரியே கிடையாது.

கிழமைப் பெயர்களில் திங்களும் செவ்வாயும் தோளோடு தோள் நிற்கின்றன. அந்தப் பெயர்களை வைத்தவர்கள் எது எதைச் சுற்றுகிறது என்று பார்த்து வைக்கவில்லை, வானத்தில் நகர்வதெல்லாம் ஒரே வரிசை. என் மேசையிலும் கடைசியில் அப்படித்தான் ஆகியிருந்தது.

இங்கே கானிமீட் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பாவம், புதனைவிடப் பெரியதாக இருந்தும் நிலா என்று ஒரு ஓரத்தில் போட்டுவிட்டார்களே என்று. ஆனால் எடையைப் பார்த்ததும் அந்தப் பரிதாபம் பாதி குறைந்துவிட்டது. புதனின் நிறை கானிமீடைப் போல இரண்டேகால் மடங்கு! புதனுக்குள் இருப்பது பெரும்பாலும் இரும்பு. அதன் விட்டத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் உலோகக் கருவே அடைத்துக்கொண்டிருக்கிறது. கானிமீடில் ஏறக்குறையப் பாதி உறைந்த தண்ணீர். ஒரு கன சென்டிமீட்டர் புதன் சராசரியாக 5.4 கிராம் இருக்கும், கானிமீட் 1.9 கிராம்தான் வரும். மேசைமேல் கிடக்கிற ஏழு நிலாக்களையும் ஒரு தட்டிலும், செவ்வாயை மட்டும் இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தேன் (காகிதத்தை அல்ல, எண்களை). ஏழும் சேர்ந்தும் செவ்வாய்க்கு ஈடாகவில்லை. மயிரிழையில் தோற்றன, ஆனாலும் தோல்விதான்.

அப்போது ஈர்ப்பு? இது இன்னும் விசித்திரம். பூமியில் 60 கிலோ காட்டுகிற ஒருவர் நம் நிலாவில் பத்துக் கிலோ காட்டுவார். நிலாவைவிட ஒன்றரை மடங்கு அகலமான கானிமீடில் போய் நின்றால் ஒன்பதுகூட வராது. டைட்டனில் இன்னும் கம்மி. புதனில் இருபத்திரண்டரை. செவ்வாயிலும் ஏறக்குறைய அதே இருபத்திரண்டரை, புதனைவிட அது எவ்வளவோ பெரியது என்றாலும். சனியின் நிறை பூமியைப் போல 95 மடங்கு; அதன் மேகமட்டத்தில் நிற்க முடிந்தால் எடை நம் ஊர் எடையை ஒட்டியேதான் இருக்கும், ஏனென்றால் அத்தனை நிறையும் அவ்வளவு அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது, நாம் மையத்திலிருந்து வெகு தூரம் தள்ளி நிற்போம். யுரேனஸ் நெப்டியூனைவிட அகலம், நெப்டியூன் யுரேனஸைவிடக் கனம். எது பெரியது என்று கேட்டால் எதைக் கேட்கிறாய் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

வட்டம் வெட்டியதிலும் ஒரு வஞ்சகம் இருக்கிறது. வியாழன் பூமியைப் போல பதினோரு மடங்கு அகலம். காகிதத்தில் பார்த்தால் பரப்பு நூற்றிருபது மடங்குக்கு மேல். உள்ளே இருக்கும் கொள்ளளவு 1,300 மடங்கு. என் கண் காகிதத்தைப் பார்த்து ‘நூறு மடங்கு’ என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறது, மிச்ச ஆயிரத்து இருநூறையும் அது பார்ப்பதே இல்லை. செவ்வாயிடம் இதே விளையாட்டு நமக்கு எதிர்ப்பக்கம் நடக்கிறது. விட்டத்தில் பூமியில் பாதி, அதனால் படங்களில் தம்பி மாதிரி பக்கத்தில் நிற்கிறது. கொள்ளளவில் பதினைந்து சதவீதம், நிறையில் பத்தைத் தாண்டிக் கொஞ்சம். ஆனால் மேற்பரப்பை எடுத்தால் அது சுமார் 14.5 கோடி சதுர கி.மீ., பூமியில் கடலைத் தவிர்த்து நிலம் மட்டும் இருப்பது சுமார் 14.9 கோடி. நடந்து சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. புளூட்டோவின் மேற்பரப்பு ரஷ்யாவைவிடச் சற்றே பெரிது, நம் நிலாவினுடையது ஆசியாவைவிடச் சிறிது. எனக்கு விட்டத்தைவிட இந்தக் கணக்குதான் பிடித்திருக்கிறது. ஒரு இடம் எவ்வளவு பெரியது என்று மனிதர்கள் எப்போதும் கேட்டுக்கொண்டது இதைத்தான்.

இந்த எண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேடப் போனதுதான் இரண்டாவது வாரத்தைத் தின்றது. பக்கத்தில் இருக்கிறவற்றைத் தொலைநோக்கியில் வட்டமாகப் பார்த்து அளக்கலாம். எட்ட இருக்கிறவை வெறும் புள்ளி. புள்ளியின் வெளிச்சத்தை வைத்துத்தான் அளவை ஊகிக்க வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய கருப்பு உருண்டையும் சிறிய வெள்ளை உருண்டையும் ஒரே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

புளூட்டோ சுருங்கிய கதை இதுதான். 1930-ல் கிளைடு டாம்பா அதைக் கண்டுபிடித்தபோது அது பூமியை ஒத்த எடை கொண்டதாக இருக்கும் என்று நினைத்தார்கள். 1948-ல் ஜெரார்டு கைப்பர் பூமியில் பத்தில் ஒரு பங்கு என்றார். 1976-ல் அதன்மேல் மீத்தேன் பனி இருப்பது தெரிந்தது. பனி என்றால் பளபளப்பு, அப்போது இத்தனை வெளிச்சத்துக்கு உருண்டை சிறிதாக இருந்தாலே போதும், நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இராது என்றார்கள். 1978-ல் ஜேம்ஸ் கிறிஸ்டி அதன் நிலாவான சாரனைக் கண்டுபிடித்ததும் நேராக எடை போட முடிந்தது: ஐந்நூறில் ஒரு பங்கு அளவுதான். இந்த வீழ்ச்சியை வரைபடமாகப் போட்டு, இப்படியே போனால் 1984-ல் புளூட்டோ காணாமலே போய்விடும் என்று இரண்டு விஞ்ஞானிகள் 1980-ல் விளையாட்டாக ஒரு கட்டுரையே எழுதினார்கள். நல்ல வேளை, நின்றுவிட்டது.

டைட்டனுக்கு வேறு மாதிரி. அதுதான் நிலாக்களிலேயே பெரியது என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1980-ல் வாயேஜர் 1 விண்கலம் பக்கத்தில் போய்ப் பார்த்த பிறகுதான், இத்தனை நாள் அளந்தது அதன் தடித்த மூட்டத்தைச் சேர்த்து என்பது தெரிந்தது. கம்பளியைக் கழற்றிவிட்டு அளந்தால் கானிமீட் முந்திக்கொண்டது.

ஏரிஸிடம் பழைய தப்பே திரும்ப நடந்தது. 2005-ல் அதை அறிவித்தபோது புளூட்டோவைவிடப் பெரியது என்றுதான் செய்தி, முதல் மதிப்பீடுகளில் ஒன்று 3,000 கி.மீ. வரை போனது. புளூட்டோவின் பதவிக்கு வேட்டு வைத்ததும் இந்தச் செய்திதான்: இதைவிடப் பெரியது இன்னொன்று இருக்கும்போது இதை மட்டும் எப்படிக் கோள் என்பது? 2010 நவம்பரில் ஏரிஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனது. சில பத்து நொடிகள் நட்சத்திரம் அணைந்து மறுபடி எரிந்தது. சிலியில் இருந்த தொலைநோக்கிகளில் அந்த நொடிகளை எண்ணி விட்டத்தைக் கணக்கிட்டார்கள்: 2,326 கி.மீ. அத்தனை சிறியது அவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்ததற்குக் காரணம், அதன்மேல் விழும் ஒளியில் கிட்டத்தட்ட முழுவதையும் அது திருப்பி அனுப்புகிறது. புதுப்பனியைவிட வெள்ளை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். இதே வித்தையைப் புளூட்டோவிடம் செய்தால் விடை சுத்தமாக வராது. அதற்கு மெல்லிய காற்று ஒன்று உண்டு, நட்சத்திர ஒளி அதில் வளைந்து மெல்ல மங்குகிறது. விளிம்பு எது என்று தெரியாது. மறுபடியும் கம்பளி. ஏரிஸ் அவ்வளவு தொலைவில், அவ்வளவு குளிரில் இருப்பதால் காற்று என்று சொல்லும்படி எதுவும் மேலே மிதக்கவில்லை, நட்சத்திரம் சட்டென்று அணைந்தது. எனவே 2010-லிருந்து ஐந்து ஆண்டுகள் எட்ட இருக்கிற ஏரிஸின் அளவு கிட்ட இருக்கிற புளூட்டோவின் அளவைவிட நமக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்து போன பிறகுதான் வழக்கு முடிந்தது. 2,377 கி.மீ. புளூட்டோதான் பெரியது, 51 கி.மீ. வித்தியாசத்தில். எடையில் மட்டும் ஏரிஸ் கால் பங்குக்கு மேல் அதிகம், அது மாறவில்லை.

51 கி.மீ. என்றால் என் அளவுகோலில் 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடித் தடிமன்கூட வராது. வெட்டவே முடியாது என்று தெரிந்தும் வெட்டினேன். காம்பஸில் அவ்வளவு சிறிய வட்டம் போட வராது, பென்சிலால் புள்ளியைத் தடவித் தடவிப் பெரிதாக்கி, கத்தரித்து, ஊசி முனையில் பசை தொட்டுச் சுவரில் ஒட்டினேன். பெரிய வட்டங்களுக்குப் பின்பக்கம் பெயர் எழுதியிருந்தேன். இந்த இரண்டுக்கும் எழுத இடமில்லை. இடப்பக்கம் புளூட்டோ, வலப்பக்கம் ஏரிஸ் என்று நோட்டில் மட்டும் குறித்து வைத்தேன். நேற்று மின்விசிறிக் காற்றில் இரண்டும் விழுந்துவிட்டன. தேடி எடுத்து ஒட்டிவிட்டேன், எது எது என்றுதான் தெரியவில்லை.